மல்லாட்டை காய்ந்த ஏரி

சேகரு, மல்லிகா, இதை நீங்கள் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து படியுங்கள். ஒருத்தர் படித்துவிட்டு மற்றவருக்குச் சொல்ல வேண்டாம். சொல்லும்போது அப்பனைக் கொஞ்சம் நல்லவனாக்கித்தான் சொல்வீர்கள்.

போன பொங்கலுக்கு வந்திருந்தபோது, "நைனா, நம்ம ஊரு எப்படி எண்ணெய் ஊரு ஆச்சின்னு எழுதிக் குடு. எங்க மில்லுல புதுசா சேந்தவங்களுக்குப் படிச்சிக் காட்டறேன்" என்று சேகர் கேட்டான். நான் எட்டாவதுக்கு மேல் படிக்காதவன். ஆனாலும் செஞ்சியில் ஏரிக்கரை மில்லில் முப்பது வருஷம் களம் பார்த்தவன். மெஷின் எப்படி ஓடுகிறது, எண்ணெய் எப்படி இறங்குகிறது என்பதெல்லாம் களம் பார்க்கிற சேகருக்கும் எண்ணெய் சோதிக்கிற மல்லிகாவுக்கும் என்னைவிட நன்றாகத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். மெஷினுக்கு வெளியே நடந்ததை எழுதுகிறேன்.

நான் மில்லில் சேர்ந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். அதற்குச் சில வருஷம் முன்புவரை ஊரில் மாட்டுச் செக்குதான். கரண்ட் வந்த பிறகு எல்லாம் மாறியது. வேர்க்கடலையை நாம் மல்லாட்டை என்கிறோமே, கோட்டைக்கு நாலு பக்கமும் மானாவாரி நிலத்தில் அதுதான் விளைந்தது. முதலில் ஒரு மில் ஏரிக்கரையோரம் வந்தது. பிறகு அதன் பக்கத்தில் ஒன்று, எதிரில் ஒன்று. மில் வந்த இடத்துக்கு டின் அடிக்கிறவர்கள் வந்தார்கள். சாக்குத் தைக்கிறவர்கள், லாரி ஷெட், டீக்கடை, புண்ணாக்கு வாங்க வருகிற வண்டிகள் என்று ஏரிக்கரையே தனி ஊராகிவிட்டது. கோட்டை பார்க்க வந்தவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மலையைப் பார்ப்பதற்கு முன்னால் மூக்கைத் தூக்கி, "இன்னாங்க இது, எங்க வறுக்கிறாங்க?" என்று கேட்பார்கள். எங்களுக்கு அதைக் கேட்டால் பெருமை.

எல்லா மில்லும் ஏன் ஏரியை ஒட்டியே வந்தது என்று நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். மெஷினுக்கு ஒரு கொட்டகை போதும். களத்துக்குத்தான் இடம் வேண்டும். பச்சை மல்லாட்டையை மூன்று நாலு வெயில் காயவைக்காமல் உடைக்க முடியாது. அவ்வளவு பெரிய களத்துக்கு ஊருக்குள் எங்கே போவது? கோடையில் ஏரி வற்றிவிடும். உள்ளே தரையைத் தண்ணீர் தெளித்துத் தட்டி, சாணம் மெழுகிவிட்டால், அதைப் போல ஒரு களம் வேறெங்கும் கிடையாது. மரம் இல்லை, நிழல் இல்லை, நாலு பக்கமும் காற்று. கோடையில் ஏரி எங்களுக்கு, மழை வந்தால் தண்ணீருக்கு. இதுதான் ஊருக்கும் மில்லுக்கும் இருந்த ஏற்பாடு. எழுத்தில் ஒன்றும் இல்லை, பேச்சுதான்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. மானாவாரி மல்லாட்டை புரட்டாசி, ஐப்பசியில்தான் மில்லுக்கு வரும். ஏரிக்குத் தண்ணீர் வருவதும் அதே ஐப்பசியில்தான். இரண்டு விருந்தாளியும் ஒரே மாசத்தில் ஒரே வீட்டுக்கு வருவார்கள்.

நான் சேர்ந்த இரண்டாம் வருஷமே களமேஸ்திரி ஆகிவிட்டேன். மூன்றாம் வருஷம் ஒரு தப்புச் செய்தேன். தூறல் விழுந்த ஒரு நாள், அரைகுறையாகக் காய்ந்த மல்லாட்டையை அவசரமாக அள்ளிக் கொட்டகையில் குவித்துவிட்டேன். வெயில் வந்தால் திரும்பப் பரப்பலாம் என்று நினைத்தேன். நாலு நாள் வெயில் வரவில்லை. ஐந்தாம் நாள் குவியலுக்குள் கையை விட்டால் சுட்டது. அடியில் பச்சைப் பூசணம். அந்தக் குவியல் முழுவதும் சாப்பாட்டு எண்ணெய்க்கு ஆகாமல் சோப்புக்குப் போனது. புண்ணாக்கை மாட்டுக்குக்கூடக் கொடுக்காதீர்கள் என்று குழி வெட்டிப் புதைக்கச் சொன்னார் முதலாளி.

முதலாளி நம் பக்கத்து நயினார் குடும்பம். பொழுது சாய்வதற்கு முன்னால் சாப்பிட்டு முடித்துவிடுகிற சமணர். அதட்டிப் பேசத் தெரியாதவர். அந்தப் பூசணக் குவியலைப் பார்த்தவர் என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் நானும் இரண்டு நாளில் மறந்திருப்பேன். அவர் பேசாமல் போனது என் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. இனி என் களத்தில் ஒரு மல்லாட்டை நனையக்கூடாது என்று முடிவுகட்டினேன். அதுதான் நான் கற்ற பாடம். ஒரு தப்பிலிருந்து நாம் தப்பான பாடத்தையும் கற்றுக்கொள்ள முடியும் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

அடுத்த ஐப்பசி. ஊரெல்லாம் அரிசிக்கு அலைந்த வருஷம் அது. ஏரி பாசனத்தில் நிலம் வைத்திருந்தவர்கள் புழுதியிலேயே நெல் விதைத்திருந்தார்கள். முதல் மழைக்கு முளைத்து, பயிர் முழங்காலுக்குக் கீழே பச்சையாக நின்றது. இனி ஏரி நிறைந்தால்தான் அது நெல்லாகும்.

களத்தில் முப்பது பெண்கள் வேலை செய்தார்கள். பரப்பிய மல்லாட்டையைக் காலால் கிளற வேண்டும். வரிசையாக நின்று, பாதத்தைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடப்பார்கள். பின்னால் பார்த்தால் ஏர் ஓட்டிய மாதிரி கோடு விழுந்திருக்கும். அந்த வரிசைக்கு முன்னால் நடப்பவள் கன்னியம்மா. புருஷன் இல்லை. ஏரிக்குக் கீழே, கடைசி மதகுப் பாய்ச்சலில் அரைக் காணி நிலம். அவளும் புழுதி நெல் விதைத்திருந்தாள். என்னைவிடப் பத்து வயது பெரியவள். களத்தில் என்னை மேஸ்திரி என்பாள், வெளியே பார்த்தால் தம்பி என்பாள். நான் எங்கே பார்த்தாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அன்றைக்குக் காலையில் களத்தில் ஐந்து லாரி மல்லாட்டை கிடந்தது. காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டினால் உள்ளே பருப்பு குலுங்குகிற சத்தம் இன்னும் சரியாக வரவில்லை. இன்னும் ஒன்றரை நாள் வெயில் வேண்டும். எங்கள் தலைக்கு மேலே நல்ல வெயில். ஆனால் ராஜகிரி மலைக்குப் பின்னால், மேற்கே, வானம் கருத்திருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மேஸ்திரி வானத்தயே பாத்துக்கினு நிக்கறாரு. இன்னா, பொண்ணு கிண்ணு எறங்கி வரப்போவுதா?" என்றாள் ஒருத்தி. எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை.

"வந்தா மொதல்ல இங்க வந்து கிளறட்டும். அப்பால கட்டிக்கலாம்" என்றாள் கன்னியம்மா. வரிசையே சிரித்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஏழுமலை வந்தார். அவர்தான் ஊரின் நீர்க்கட்டி. மதகு திறப்பது, வாய்க்கால் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அதற்கு அறுப்பு முடிந்ததும் ஒவ்வொரு நிலத்திலும் அவருக்குக் கொஞ்சம் கதிர் கொடுப்பார்கள்.

"இன்னாப்பா மேஸ்திரி, மேல்மலையனூர் பஸ்ஸு சொட்டச் சொட்ட நனைஞ்சி வந்துக்குது. மேக்க நல்ல மழ. மத்தியானத்துக்குள்ள வாய்க்கால்ல தண்ணி வந்துடும். வாரு, வாரு."

"முப்பது பேர வெச்சிக்கினு அஞ்சு லாரிய எப்படி மாமா மத்தியானத்துக்குள்ள வாருவேன்?"

"வாருன வரைக்கும் வாரு. மீதி போனாப் போவுது."

போனாப் போவுது என்ற அந்த வார்த்தை என்னைச் சுட்டது. பூசணக் குவியலும், முதலாளி கையைத் துடைத்துக்கொண்டு போன முதுகும்தான் கண்ணுக்குள் வந்தன. மேற்கிலிருந்து வரத்து வாய்க்கால் ஏரிக்குள் நுழைகிற வாயில், களத்துக்குத் தூறல் தண்ணீர் வராமல் இருக்க, முன்பே முழங்கால் உயரத்துக்கு ஒரு வரப்புப் போட்டு வைத்திருந்தேன். அதை இடுப்பு உயரத்துக்கு உயர்த்தினால் தண்ணீர் ஏரிக்குள் வராது. பக்கத்து ஓடையில் திரும்பி ஆற்றுக்குப் போய்விடும்.

"மாமா, நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் அடைச்சி வெச்சிக்கறேன். அதுக்குள்ள காஞ்சிடும். நாளைக்கு நானே வெட்டி வுட்டுடறேன்" என்றேன்.

ஏழுமலை என் முகத்தைப் பார்த்தார். அவருடைய பெண்சாதியும் அந்த வரிசையில் நடந்துகொண்டிருந்தாள். மகன் மில்லில் மூட்டை தூக்குகிறவன். "மொத தண்ணிப்பா அது" என்றார். பிறகு, "ஐப்பசி பொறந்து நாலு நாளுதான் ஆவுது. இன்னும் வரும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கரைமேல் ஏறிப் போனார். அவர் வேண்டாம் என்று அழுத்திச் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா? கேட்டிருப்பேன் என்று எழுத ஆசைதான். தெரியவில்லை.

பத்துப் பேரை வரப்புக்கு அனுப்பினேன். மல்லாட்டைத் தோல் நிரப்பிய சாக்குகளை அடுக்கி, மேலே மண் கொட்டி மிதிக்க வேண்டும். கன்னியம்மாவும் கூடை எடுத்தாள். நாலு கூடை கொட்டிய பிறகு என்னிடம் வந்தாள்.

"மேஸ்திரி, கடசி மதகுக்குத் தண்ணி ஏறணும்னா ஏரி முக்காவாசி ரொம்பணும். தெரியுமில்ல?"

"தெரியும்க்கா. நாளைக்கு சாயங்காலம் வெட்டிடறேன்."

"நாளைக்கு தண்ணி இருக்குமா?"

"ஐப்பசி முழுக்க இருக்குதே."

"அதான் நானும் கேக்கறேன். ஐப்பசி முழுக்க இருக்குது, மல்லாட்டைய இப்ப வாரிட்டு அப்பால காய வெக்கக்கூடாதா?"

எனக்குக் கோபம் வந்தது. நியாயமாகக் கேட்கிறவர்கள் மேல்தான் நமக்குக் கோபம் சீக்கிரம் வருகிறது. "களம் என் பொறுப்பா, உன் பொறுப்பா? கூடைய எடு" என்றேன். அவளை நான் ஒருமையில் பேசியது அன்றைக்குத்தான். அவள் கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

மத்தியானம் தண்ணீர் வந்தது. செம்மண் கரைந்த சிவப்புத் தண்ணீர், நுரையும் சருகுமாக வரப்பில் வந்து மோதியது. ஒரு நிமிஷம் தேங்கி நின்றது. பிறகு பக்கவாட்டில் திரும்பி ஓடைக்குள் விழுந்தது. அந்தச் சத்தத்தில் நாங்கள் பேசுவது எங்களுக்கே கேட்கவில்லை. ஏரிக்கரை மேல் ஜனம் வந்து வரிசையாக நின்றது. எல்லோருக்கும் கீழே நிலம் இருந்தது. யாராவது கத்துவார்கள், கல்லெடுத்து அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கரைமேல் நின்றவர்களில், வீட்டில் ஒரு ஆளாவது ஏதாவது ஒரு மில்லில் வேலை செய்யாதவர் யாரும் இல்லை. ஊர் எப்படி எண்ணெய் ஊர் ஆனது என்று கேட்டாயே சேகரு, எனக்குத் தெரிந்தவரை அந்த மத்தியானத்தில்தான் ஆனது. கரைமேல் நின்ற அத்தனை பேரும் வாய் திறக்காமல் வீட்டுக்குத் திரும்பிப் போனார்களே, அப்போது.

தண்ணீர் அன்று முழுக்க ஓடியது. மறுநாள் காலையிலும் ஓடியது. மல்லாட்டை கலகலவென்று காய்ந்தது. மறுநாள் சாயங்காலம் ஒன்றுகூட நனையாமல் வாரிக் கொட்டகையில் சேர்த்தேன். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அப்போது வாய்க்காலில் கணுக்கால் அளவுதான் தண்ணீர் இருந்தது. இதற்குப் போய் வரப்பை வெட்டி, அடுத்த வண்டி வந்தால் திரும்பப் போடுவதா என்று தோன்றியது. அடுத்த நாளே புது வண்டிகள் வந்தன. களத்தில் பரப்பினோம். அடுத்த மழைக்கு வெட்டலாம் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த மழை வரவில்லை. ஐப்பசி போனது. கார்த்திகையில் இரண்டு தூறல். மேற்கே வானம் பிறகு அந்த வருஷம் கருக்கவே இல்லை. கீழே பயிர் முதலில் நுனியில் மஞ்சளானது, பிறகு வைக்கோல் நிறம். கிணறு வைத்திருந்தவர்கள் கொஞ்சம் காப்பாற்றினார்கள். கடைசி மதகில் கிணறு இல்லை. மார்கழியில் கன்னியம்மா தன் அரைக் காணியில் பக்கத்து வீட்டு மாடுகளை மேயவிட்டாள். மாடுகளும் பாதிதான் தின்றன என்றார்கள்.

இத்தனைக்கும் அவள் ஒரு நாள்கூட வேலைக்கு வராமல் இல்லை. அதே வரிசையில் முன்னால் நடந்தாள். மற்றவர்கள் என்னைக் கேலி பேசினால் அவளும் சிரித்தாள். அவள் நடந்துபோன கோட்டைப் பார்க்கக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது.

தை பிறந்த பிறகு ஒரு நாள் டீக்கடைப் பக்கம் என்னைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"தம்பி, மில்லுல வருஷம் முச்சூடும் வேல போட்டுக் குடு. சீசனுக்கு மட்டும் வந்தா கட்டுப்படியாவல."

"நெலம் இருக்குதேக்கா?"

"நெலத்துக்கு இன்னா, அது அங்கியே கெடக்கும். நாந்தான் கெடக்க முடியாது."

"அக்கா, அன்னிக்கு நான் அந்த வரப்ப..."

"ஆமா, வரப்பு. நானுந்தான் கூட கூடயா கொட்னேன். உன் கையி மட்டுமா மண்ணு?" என்றாள். கோபமாகச் சொன்னாளா, எனக்கு ஆறுதலாகச் சொன்னாளா என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். எப்படிச் சொல்லியிருந்தாலும், அந்தக் கூடையை எடுக்கச் சொன்னது நான்.

வேலை வாங்கிக் கொடுத்தேன். டின் கழுவுகிற இடத்தில் நிரந்தர வேலை. ஊரில் எனக்கு நல்ல பெயர். "மேஸ்திரி நல்ல மனுஷன், புருஷன் இல்லாதவளுக்கு வேல வாங்கிக் குடுத்துட்டாரு" என்று என் காதுபடவே பேசினார்கள். ஏழுமலைக்கும் அந்த வருஷம் கதிர் கொடுக்க யாரிடமும் கதிர் இல்லை. அவரையும் மில் வாட்ச்மேனாகச் சேர்த்துவிட்டேன். அதற்கும் நல்ல பெயர். மதகுக்கு ஆள் இல்லாமல் போய்விட்டதை யாரும் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு மில்லும் ஏரிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிமெண்ட் களம் போட்டது. அவர்களுக்கு வழி காட்டியது யார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இதைவிட ஒன்று என்னை அறுத்தது. அந்தத் தை மாசத்திலேயே முதலாளி என்னோடு களத்தைத் தாண்டி நடந்து வந்தார். வாய்க்கால் வாயில் இடுப்பு உயர வரப்பைப் பார்த்துவிட்டு, "இது இன்னாது?" என்றார். சொன்னேன். ஐந்து லாரி மல்லாட்டையை நனையாமல் காப்பாற்றியதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அவர் வரப்பின் மேல் கையை வைத்துப் பார்த்தார். பிறகு, "நனைஞ்சிருந்தா சோப்புக்குப் போயிருக்கும். அவ்ளோதானப்பா? அடுத்த வருஷமும் மல்லாட்டை வரும். மில்லு இங்கதான் இருக்கும்" என்றார்.

"போன வருஷம் கெட்டுப்போனப்ப நீங்க ஒண்ணும் சொல்லலீங்க. அதான்..."

"ஒண்ணும் சொல்றதுக்கு இல்லன்னுதான் சொல்லல. நீ பயந்துக்கினியா?" வரப்பிலிருந்து என் பக்கம் திரும்பினார். "நான் வீட்லதான இருந்தேன். ஒரு வார்த்த வந்து கேட்டிருக்கக் கூடாதா?"

களத்திலிருந்து அவர் வீட்டுக்குச் சைக்கிளில் பத்து நிமிஷம். தண்ணீர் வருவதற்கு எனக்கு நாலு மணி நேரம் இருந்தது. போய்க் கேட்டால், இவனுக்குத் தானாக முடிவெடுக்கத் தெரியவில்லை என்று நினைப்பாரோ என்றுதான் போகவில்லை. அவர் மனசில் என்ன இருக்கிறது என்று நானே எழுதிக்கொண்டு, அதற்கு நானே பயந்து, ஊர்த் தண்ணீரை ஆற்றில் விட்டேன்.

மல்லிகா, நீ சோதனை பார்க்கிறவள். சேகரு, உன் கீழே நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். அவசரத்தில் நம் கண்ணுக்கு நம் பொறுப்பில் இருக்கிற பொருள் மட்டும்தான் தெரியும். அதற்கு வெளியே நிற்கிறவர்களும் நம் ஆள்தான் என்பது தெரியாது. கூடை தூக்குகிறவர்களில் ஒருத்தர் வந்து எதிர்க்கேள்வி கேட்டால், வேலையை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள். நான் அன்று பார்க்கவில்லை. கன்னியம்மா டின் கழுவியே வயதாகி இறந்துபோனாள். அவள் நிலம் இப்போது லாரி நிற்கிற இடம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் படித்துக் காட்டுவதானால் இதையும் சேர்த்துப் படியுங்கள்.

முதலாளி வந்துபோன மறுநாள், சாப்பாட்டு வேளையில், எல்லோரும் தூக்குச்சட்டியைத் திறந்த நேரத்தில் நான் ஷெட்டிலிருந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தனியாக வாய்க்கால் வாய்க்குப் போனேன். தண்ணீர் வர இனி எட்டு ஒன்பது மாசம் இருந்தது. வரப்பு காய்ந்து கல்லாகியிருந்தது. உள்ளே சாக்குகளைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. ஒரு ஆள் அகலத்துக்கு, வாய்க்கால் அடிமட்டம் வரைக்கும் வெட்டினேன். கட்டிகளைத் திரும்ப உள்ளே உருளாதபடி தூக்கி ஓரமாகப் போட்டேன். பிறகு குனிந்து, வெட்டிய தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன், ஏரிப்பக்கம் சரிவு இருக்கிறதா என்று. ஒரு இடத்தில் மேடாகப் பட்டது. அதையும் செதுக்கிவிட்டு, மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு களத்துக்கு நடந்தேன்.